குழுவில் இல்லாத இஸ்திரிக்காரர்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்டவில்லை. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய சமயம் அது. ரயிலில் ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களில் ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் சாலையும் அறுந்தது. மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும்வரை அவர்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டது பக்கத்திலிருந்த புதுக்குடி. வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் திரட்டி, ஊர்க்காரர்களே சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் அதே வெள்ளம்தான்.

அந்த இரண்டு நாளும் அங்கே யாரும் யாருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்க வழியில்லை. எந்த வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது, எங்கே விறகு நனையாமல் கிடக்கிறது, நூறு பேருக்கு உலை வைக்க அஞ்சாதவர் யார் என்பதெல்லாம் அந்த ஊருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வருஷா வருஷம் கோயில் கொடை நடத்தும் ஊர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயலில் எங்கள் கதை வேறு மாதிரி இருந்தது. தென்சென்னைப் புறநகரின் தாழ்வான தெருக்களில் ஒன்று எங்களுடையது. தெருவுக்கு வாட்ஸ்அப் குழு உண்டு, இருநூறு பேருக்கு மேல். காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கும் மஞ்சள் தூளின் மகிமைக்கும் நடுவில் எப்போதாவது குடிநீர் லாரி பற்றிய தகவலும் வரும். புயலன்று மதியம்வரை குழு பரபரத்தது. வேறெங்கோ எடுத்த முதலை வீடியோவை நான்கு பேர் நம் ஏரிதான் என்று அனுப்பினார்கள். மாலையில் ஒவ்வொரு போனாக அணைந்தது. மறுநாள் காலை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தெருமுனை இஸ்திரிக்காரர்தான் கூப்பிட்டார்: “சார், அந்த மூணாவது மாடி அம்மா தனியா இருக்காங்க. பையன் அமெரிக்கால. யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?” யாரும் பார்த்திருக்கவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். அவர் எங்கள் குழுவிலேயே இல்லை.

இதைச் சொல்வதால் சமூக ஊடகத்தைத் திட்டப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முகம் தெரியாத இளைஞர்கள் இணையத்தில் ஒரு அட்டவணையைத் திறந்துவைத்து, படகு தேவைப்படுபவரையும் படகு வைத்திருப்பவரையும் இணைத்த வேகத்தை இந்த நகரம் மறக்காது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிரம்பியதும் கைப்பேசி வழியாகத்தான். ஆனால் அந்த 23-ஆம் தேதி காவல்துறை கடற்கரையைக் காலி செய்த பிறகு, அங்கே ஒரு வாரம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள்? கூட்டம் சேர்ப்பது இந்தக் கருவிக்குச் சுலபம். கலைந்த பின் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: குழுவில் வந்த செய்தி ஒருவரைச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்க வைத்ததா, அடுத்த வாரமும் இறங்க வைத்ததா?

இது நடக்கவே நடக்காது என்பவர்களுக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில், கனடாவின் டொரன்டோ புறநகரில் புதிதாகக் கட்டிய 109 வீடுகள் கொண்ட குடியிருப்பில், சுமார் அறுபது சதவீத வீடுகளுக்கு மட்டும் அதிவேக இணையம் கிடைத்தது. மற்றவை காத்திருந்தன. கீத் ஹாம்ப்டன் என்ற ஆய்வாளர் அங்கேயே குடியேறி, தன் ஆசிரியர் பாரி வெல்மனுடன் சேர்ந்து இரு தரப்பையும் ஒப்பிட்டார். இணையம் கிடைத்தவர்கள் அறைக்குள் முடங்கிவிடுவார்கள் என்பதுதான் அன்றைய பேச்சு. அவர்களோ மற்றவர்களைப்போல் மூன்று மடங்கு அண்டை வீட்டாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். வீடு கட்டியவர் குறைகளைச் சரிசெய்யாமல் இழுத்தடித்தபோது ஒன்றுசேர்ந்து கேட்டவர்களும் அவர்கள்தான். காரணம் இணையத்தின் வேகத்தில் இல்லை. அவர்களுக்குள் இருந்த மின்னஞ்சல் குழு அந்தக் குடியிருப்புக்கு மட்டுமானது. அதில் எழுதியவரை மாலையில் வாசல் திண்ணையில் பார்க்க முடிந்தது.

எல்லை என்பது அவ்வளவு முக்கியம். இத்தாலியின் பொலோனியா நகரில் ஃபொந்தாட்சா என்றொரு குறுகிய தெரு. வாழ்நாளெல்லாம் சீசாக்களையும் கிண்ணங்களையுமே வரைந்துகொண்டிருந்த ஜோர்ஜோ மொராந்தி குடியிருந்த தெரு அது. 2013-இல் அங்கே வசித்த ஃபெதரிக்கோ பாஸ்தியானி என்பவருக்குத் தன் சின்னப் பையனுக்கு விளையாட்டுத் தோழர்கள் கிடைக்கவில்லை. தெருவாசிகளுக்கு மட்டும் என்று ஒரு முகநூல் குழு தொடங்கினார். அதோடு விடவில்லை. காகிதத்தில் அச்சடித்துத் தெருவின் வளைவுத் தூண்களில் ஒட்டினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அந்தப் பசைதான். எதிர்வீட்டுக்காரரின் முகநூல் முகவரி அவருக்குத் தெரியாது. ஆனால் இருவரும் தினமும் அதே தூணைக் கடந்துதான் போகிறார்கள். சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். துளைபோடும் கருவி இரவல், வயதானவருக்குக் காய்கறி, பிள்ளைகளுக்குப் பாடம் எனத் தொடங்கி, ‘சமூகத் தெரு’ என்ற பெயரில் இத்தாலியெங்கும் நூற்றுக்கணக்கான தெருக்களுக்குப் பரவியது. தெரு எல்லைக்குள் வசிப்பவர் மட்டுமே உறுப்பினர், பணம் புழங்கக் கூடாது என்பவை அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள்.

நம் பக்கத்தில், கோவையைப் பார்க்கலாம். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் பேரூர்ப் பெரியகுளத்தில் சீமைக் கருவேலத்தையும் குப்பையையும் அகற்றத் தொடங்கியது. அறிவிப்பு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும். உள்ளடக்கம் எப்போதும் ஒன்றே: ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ன குளம், இத்தனை மணி. வந்தவர் கையில் மண்வெட்டி. தூர்ந்து கிடந்த வாய்க்காலைச் சீர்செய்ததால் நொய்யல் தண்ணீர் பல ஆண்டுகளுக்குப் பிறகு வெள்ளலூர் குளத்துக்கு வந்தது. இன்று அதன் கரையில் அடர்காடும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. ஞாயிறு தவறாது என்ற அந்தப் பிடிவாதம்தான் இதன் உயிர்நாடி என்று நினைக்கிறேன். போன வாரம் வராதவருக்கு இந்த வாரம் எங்கே போக வேண்டும் என்று தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சந்தை நாள் போல, வெள்ளிக்கிழமைக் கோயில் போல, வேலைக்கும் ஒரு கிழமை வேண்டும்.

பேராவூரணியில் தொடக்கம் துக்கத்திலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்போது துபாய் மென்பொருள் வேலையிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நிமல் ராகவன், நண்பர்களோடு சமூக ஊடகம் வழியாக நிவாரணம் திரட்டினார். இந்த அளவில் அது எல்லாப் புயல்களிலும் நடப்பதுதான். அரிசி மூட்டை தீர்ந்ததும் கலைந்துவிடாமல், ‘கைஃபா’ என்று அறியப்பட்ட கடைமடைப் பகுதி விவசாயிகள் அமைப்பாக அவர்கள் உருவானதும், 2019-இல் 500 ஏக்கருக்கு மேல் பரந்த பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வார இறங்கியதும்தான் அபூர்வம். காவிரியின் கடைசி மடைக்குத் தண்ணீர் வந்தால்தான் வந்தது என்ற ஊரில், குளம் என்பது பேச்சுக்குரிய ‘பிரச்சினை’ அல்ல, சோறு. சண்டை போட்டாலும் நாளை அதே கரைக்கு வந்தாக வேண்டும்.

ஒன்றுகூடும் வேகத்தை மட்டும் வைத்து மெச்சுகிறவர்களுக்கு, 2018 மே மாதத்தை நினைவூட்ட வேண்டும். பிள்ளை பிடிப்பவர்கள் வடக்கிலிருந்து வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில் வழி கேட்க நின்றது. அவர்களுடன் வந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. கொன்றவர்களும் ஒருவரையொருவர் அறிந்த, சில நிமிடத்தில் ஒன்றுகூடிய ஓர் ஊர்தான். புதுக்குடிக்கும் அத்திமூருக்கும் இடையே வித்தியாசம் என்ன என்று பல இரவு யோசித்திருக்கிறேன். முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: புதுக்குடிக்காரர்கள் கண்முன் ரயிலில் பசித்திருந்தவர்களைப் பார்த்தார்கள், அத்திமூரில் கூடியவர்கள் கைப்பேசியில் வந்ததைக் கண்முன் நின்ற கிழவியின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள்.

குழு பெருக்கும் வெறியும் இதில் சேர்த்தி. 256 பேர் என்றிருந்த வாட்ஸ்அப் வரம்பு 2022-இல் 512 ஆகி, அதே ஆண்டு நவம்பரில் 1024 ஆனது. ‘நம்ம ஏரியா – 3’ என்று குழுக்களைப் பெருக்கிப் பெருமைப்படும் அட்மின்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1989-இல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பன்னிரண்டு முதல் இருபது பேரோடு நிறுத்திக்கொண்டன. அதற்கு மேல் போனால் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. வாராவாரம் கூட்டம், வந்தவர் கையெழுத்து, சேமிப்புக் கணக்குச் சத்தமாக வாசிக்கப்படும். தமிழ்நாட்டில் உள்ளூர்க் கூட்டுறவுக்கு இதைவிட விரிந்த பள்ளிக்கூடம் எதுவும் என் நினைவில் இல்லை. சமூக ஊடக வல்லுநர்கள் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

கணக்கு என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் மேடைகளில் மக்களாட்சிப் பெருமையாகவே பேசப்படுகின்றன. உள்ளபடி அது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையோடும் அதன் விதிகள் சில எனக்குப் பொறாமையூட்டுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றில் பதவி ஓராண்டுதான். முந்தைய மூன்றாண்டுக்குள் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும்கூட மீண்டும் வர முடியாது. நம் தெருக் குழுவின் அட்மின் எப்படி அட்மின் ஆனார்? முதலில் குழுவைத் தொடங்கினார், அவ்வளவே. வெள்ள நிவாரணத்துக்கு ஜிபே வழியாக வாங்கிய பணத்தில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டபோது, எங்கள் குழுவிலிருந்து அவர் சத்தமில்லாமல் நீக்கப்பட்டார். பணம் பெரியதல்ல. ஆனால் அதற்குப் பிறகு யாரும் எதற்கும் காசு தரவில்லை.

யார் உள்ளே என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த 15 முதல் 49 வயதுப் பெண்கள் 54 சதவீதம்தான். ஆக, தெருவில் தண்ணீர் வரும் நேரத்தை நன்றாக அறிந்தவர்கள் தெருக் குழுவில் பாதிக்குப் பாதி இல்லாமல் போகலாம். கிராமத்தில் ‘நம்ம ஊர் நண்பர்கள்’ என்ற குழுவைத் திறந்து பாருங்கள். காலனிக்காரர்கள் எத்தனை பேர்? சேர்க்கக் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை. எண்ணை யாரிடம் கேட்டு வாங்குவது என்ற இடத்திலேயே சாதி தன் வேலையை முடித்துவிடுகிறது. சாதிப் பெயரில் ஜில்லா முழுக்கப் பரந்த குழுக்கள் இயங்குகிற அளவுக்கு, ஒரே கால்வாயின் இரு கரைக்காரர்கள் ஒரே குழுவில் இருப்பதில்லை. கால்வாய்க்கு இது தெரியாது, வெள்ளம் வந்தால் இரு கரையிலும் ஏறும்.

மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் ஒரு ஞாயிறு மாலை பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்தோம். நீக்கப்பட்ட ஆசிரியரைக் கூப்பிட்டோம். எந்த வீட்டில் கைப்பம்பு வேலை செய்கிறது, யாரிடம் ஜெனரேட்டர், எந்த மாடியில் தனியாக முதியவர், யாருக்கு டயாலிசிஸ், எந்த வீட்டில் கைக்குழந்தை, எவருக்கு நீச்சல் தெரியும் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். பாதித் தகவலைச் சொன்னவர் இஸ்திரிக்காரர். வீட்டுக் கதவு எண்ணையும் அங்கே எத்தனை பேர் துணி வருகிறது என்பதையும் வைத்தே அவர் தெருவை மனதில் அடுக்கியிருந்தார். அந்தப் பட்டியலின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோம். தனியாக இருப்பவர்களின் விவரம் ஊரெல்லாம் சுற்றலாமா என்று ஆசிரியர் கேட்டதும் அழித்துவிட்டு, கூட்டம் எப்போது, எங்கே என்பதை மட்டும் குழுவில் போடுவது என்று முடிவானது. ஆசிரியர் கையில் ஒரு ரூல் போட்ட கணக்கு நோட்டும் வந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு சந்திப்பதாகத் திட்டம். சில மாதம் நான்கு பேர், சில மாதம் பதினைந்து பேர். ஒரு மாதம் நானே போகவில்லை. பட்டியல் பிளாஸ்டிக் உறைக்குள் இஸ்திரி வண்டியின் கீழ்த்தட்டில், கரி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் சட்டை வாங்கப் போனபோது அவர் நினைவூட்டினார்: “சார், பதினேழாம் நம்பர் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. புதுசா வந்தவங்க வீட்டுல ஒரு பாட்டி இருக்கு. எழுதிக்கோங்க.”