வெண்பாவுக்கு எத்தனை நட்சத்திரம்?

இலண்டன் ‘கார்டியன்’ நாளிதழ், நாடகத்தையும் திரைப்படத்தையும் போலவே வீடியோ விளையாட்டுக்களையும் ஆய்ந்து, ஐந்து நட்சத்திர அளவையால் தீர்ப்பளித்து வருகின்றது. இதனைச் சிறுபிள்ளை வேலையென நகைப்பார் உளர். யான் நகையேன். மாணாக்கர் நாடோறும் தோய்ந்திருக்கும் ஒரு கலையை மதிப்பிட ஆள் வேண்டும். ஆயின், கட்டுரை காரணங்களை விரித்துரைப்பினும், வாசகர் பலர் நட்சத்திரத்தை எண்ணியே அமைந்துவிடுகின்றனர்.

ரொறன்ரோ நகரினர் ஆக்கி 2023 இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டை நோக்குவோம். கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி, பிட்டு முதலியன சமைக்கின்றாள். மகனோ தாய்மொழியினின்றும் விலகுகின்றான். முதற்படைப்புக்குரிய பாஃப்டா விருது 2024 இல் இதற்குக் கிடைத்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே எனக் குறை கூறினாருமுளர். ஏழு சீரில் முடியும் குறள் வெண்பாவைப் பயின்ற நமக்கு அது குறையன்று.

தாயின் பிட்டுக்கும் மகனின் மௌனத்துக்கும் உள்ள தொடர்பை நட்சத்திரம் உரைக்காது. நாரந்தனையிலிருந்து கடல் கடந்தோர் இல்லங்களிலும் அம்மௌனம் உண்டு. பிறர் பரிசளித்துவிட்டனர், உரை காணும் கடன் தமிழ் இதழ்களுக்கும் ஆசிரியர்க்கும் உரியது.