இவருக்குப் பதில் இவர்



ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் சென்ற மாதம் நம் கைக்கு வந்தது. நான்கு தாள்கள், இருபுறமும் நெருக்கி எழுதியவை. தம் பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், வெளியிடமாட்டோம். 2021ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மனைவியை இழந்த ஒருவரை அவர் மணந்து ஓராண்டாகிறது. வீட்டில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, ஏழு வயதுப் பையன் ஒருவன். கணவர் நல்லவர், முந்திரிக் கொல்லையும் சிறு கடையும் உண்டு, உண்ண உடுக்கக் குறைவில்லை.

ஒருநாள் மாலை தொலைக்காட்சியில் நெடுந்தொடர் ஓடிக்கொண்டிருந்ததாம். அதுவரை நடித்துவந்தவர் விலகிவிடவே, புதியவரின் முகத்தைக் காட்டி, 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டார்களாம். பையன் உடனே இவரைச் சுட்டிக்காட்டி, "அம்மாவுக்குப் பதில் இவங்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். பெண் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள், அன்றிரவு உண்ணவில்லை. 'குழந்தை விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் அன்றுமுதல் நான் எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் அது அவர்களுடைய பாத்திரம் என்றே தோன்றுகிறது' என்று அச்சகோதரி எழுதுகிறார்.

தொலைக்காட்சியையே வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள் என்று எழுதிவிட்டுக் கடமை முடிந்ததென்று நாம் இருந்துவிடலாம். ஆனால் பையன் சொன்னதில் பிழை காண நம்மால் இயலவில்லை. அவன் கண்டதைச் சொன்னான். பதில் என்னும் அச்சொல்தான் முள்ளாகத் தைக்கிறது.

'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அவர்கள் 2023 செப்டம்பர் 8ஆம் நாள், அத்தொடருக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்புற்று மறைந்தார். அவ்விடத்திற்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அவர்கள் வந்தார். கொடுமைக்கார அண்ணன் வேடமே ஆயினும், 'அவர்போல் வருமா' என்று நம் வீடுகளில் எத்தனை நாள் பேசினோம்! புதியவர் பழையவரைப்போல் பேசினால் போலி என்றோம். தம் போக்கில் பேசினால் பொருந்தவில்லை என்றோம். கதையில் வரும் ஓர் அண்ணனுக்கே இத்தனை என்றால், பெற்ற தாயின் இடத்தில் வந்து நிற்பவர் படும் பாட்டை என்னென்பது!

இவ்விக்கட்டை வேறு விதமாகச் சமாளித்த கூட்டம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரைத் தொடங்கிற்று. அதன் முதற் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் நம் இலக்னோவில் பிறந்தவர். சனிக்கிழமை மாலைகளில் குடும்பமாக அமர்ந்து பார்ப்பதற்கென்றே எடுக்கப்பட்ட தொடர் அது. டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுலகக் கிழவர் ஒருவர், நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போன்ற கலமொன்றில் ஏறிக் காலத்தினூடே பயணம் செய்வார். (சுஜாதாவின் ஜீனோ என்னும் இயந்திர நாயை மறவாத வாசகர்களுக்கு ஒரு செய்தி: இத்தொடரிலும் 1977 முதல் ஓர் இயந்திர நாய் உண்டு.)

அக்கிழவராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் மூன்றாண்டுகளில் நோயுற்றார். வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரையோ நிறுத்த மனமில்லை. 1966 அக்டோபர் 29 அன்று, டாக்டர் தம் கலத்தின் தரையில் சாய்வதையும் அவர் முகம் ஒளிர்ந்து வேறொரு முகமாவதையும் காட்டினார்கள். எழுந்தவர் பாட்ரிக் டிரௌட்டன்; பன்னிரண்டு வயது இளையவர். தொளதொளத்த கால்சட்டையும் கையில் ஒரு குழலுமாகக் கோமாளிபோல் வந்தார். முன்னவரின் நடையையோ சிடுசிடுப்பையோ அவர் பின்பற்ற முயலவேயில்லை.

அடுத்த வாரத்தில் அவர்கள் செய்ததே நம்மை மிகவும் கவர்ந்தது. 'இவரே அவர், நம்புங்கள்' என்று யாரும் கட்டளையிடவில்லை. உடன் பயணம் செய்யும் பென் என்னும் மாலுமி நம்ப மறுக்கிறான். பாலி என்னும் இளம்பெண் பாதி நம்புகிறாள். பழையவர் அணிந்திருந்த மோதிரத்தைப் புதியவர் விரலில் இட்டுப் பார்க்கிறார்கள். அது பொருந்தாமல் நழுவி விழுகிறது! புதியவரும் டாக்டரைப் பற்றி வேறொருவரைக் குறிப்பிடுவதுபோலவே பேசுகிறார். வீட்டிலிருந்து பார்த்த சிறுவர்களின் ஐயமெல்லாம் திரையிலேயே பேசப்பட்டுவிட்டது. பென்னின் ஐயம் தீர்வதும் பேச்சினால் அன்று. டாலெக் என்னும் பழம்பகை இயந்திரம் புதியவரை அடையாளம் கண்டுகொள்வதைக் கண்ட பின்னரே. அக்கதையின் ஆறு பகுதிகளின் படச்சுருள்களையும் நிறுவனம் பின்னாளில் அழித்துவிட்டது. அன்பர்கள் வீட்டில் பதிவு செய்துவைத்த ஒலிகொண்டே 2016இல் அதனைச் சித்திரப் படமாக்கினார்கள்.

எல்லா மாற்றமும் இப்படி இனிதாக அமைந்துவிடவில்லை. 1984இல் ஆறாவதாக வந்த காலின் பேக்கரை, முதற்கதையிலேயே தம் தோழியின் கழுத்தை நெரிக்க முனைவதாக எழுதிவிட்டார்கள். வந்த வேகத்தில் அதிர்ச்சி தரவேண்டும் என்ற ஆசை. பார்த்தவர் மனம் ஒட்டவில்லை. 1986இல் அவரை நீக்கினார்கள். குறை நடிகரிடம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. 2017இல் ஜோடி விட்டேக்கர் என்னும் பெண்மணியை அறிவித்தபோதும் கூக்குரல் எழுந்தது.

சகோதரிக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: மோதிரத்தை வலிந்து விரலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் சித்தி என்று அழைக்கட்டும். அம்மா என்று அழைக்கச் சொல்லிக் கணவர் மிரட்டுவதை நீங்களே தடுத்துவிடுங்கள். முன்னவர் வைத்த மீன்குழம்பின் பக்குவத்தைக் கண்டுபிடிக்க முயல்வதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள், உங்கள் வீட்டுக் குழம்பையே வையுங்கள். அந்தப் பெண் ஐயுறட்டும், அழட்டும். ஒரு நாள் காய்ச்சலிலோ பள்ளியில் நேரும் தொல்லையிலோ அவள் தானாக உங்களிடம் வரக்கூடும். வராமலும் போகலாம், அவளுக்குப் பதினோரு வயதுதான் ஆகிறது.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அழைத்துச் செல்லலாம். தஞ்சையில் தந்தை இராசராசன் எழுப்பிய விமானம் ஏறத்தாழ 216 அடி. நேர்க்கோடாக விரைந்து உயர்வது. 1014இல் அவன் இடத்திற்கு வந்த இராசேந்திரன் தன் தலைநகரில் எழுப்பியது ஏறத்தாழ 180 அடி. குழிந்து வளைந்து மெல்ல உயர்வது. இரண்டிற்கும் பெயர் பெருவுடையார் கோயில்தான். புல்தரையில் அமர்ந்து நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே தஞ்சை நினைவுக்கு வராமலிருப்பதில்லை, வந்தால் குற்றமுமில்லை.

மற்றொன்று. டாக்டர் ஹூ தொடரின் பத்தாவது ஆண்டையொட்டி, 1972 இறுதியில் 'மூன்று டாக்டர்கள்' என்றொரு கதை எடுத்தார்கள். அப்போது மூன்றாமவர் நடித்துக்கொண்டிருந்த காலம். முதியவர் ஹார்ட்னெலையும் அழைத்தார்கள். நிற்கவும் நினைவில் கொள்ளவும் இயலாத நிலை. அமர்த்தி, எழுதிப் பிடித்த அட்டைகளைப் பார்த்து வசனம் சொல்லச்செய்து, தனியே படமெடுத்தார்கள். கதையில் அவர் ஒரு திரைக்குள்ளிருந்து பேசுவார். பின்வந்த இருவரும் அண்ணாந்து கேட்பார்கள். அதுவே அவருடைய இறுதி நடிப்பு. 1975இல் மறைந்தார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், சகோதரியின் மடலில் மூன்றாம் தாளின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. திருமணத்திற்கு முதல்நாள் கணவர், மறைந்த மனைவியின் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாராம். புதியவர் மனம் நோகக் கூடாதே என்று. ஆணி அங்கேயே இருக்கிறதாம். இந்த இதழ் அச்சாகும்வரை காத்திராமல், படத்தை இறக்கித் துடைத்து, அந்தப் பெண்ணின் கையாலேயே மீண்டும் மாட்டச் சொல்லும்படி அவருக்கு எழுதிவிட்டோம்.