உறவும் ஊதியமும்

ஆளை ஆராய்ந்து பணியில் அமர்த்துவதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர். லின்ஃபீல்டில் கடை நடத்தும் எம்மவரோ, "எங்கடை பிள்ளைதானே" என்று உறவினரை வாய்ப்பேச்சிலேயே அமர்த்திவிடுகின்றனர். மேலதிக மணித்தியாலங்களை முதலாளி உதவி என்பார். ஊழியர் உழைப்பு என்பார். பிணக்கு அங்கேதான் முளைக்கிறது.

ஊழியர் எவராயினும் எழுத்துமூல உடன்படிக்கை வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டம். வேலைநேர, ஊதியப் பதிவுகளை 6 ஆண்டுகள் பேணுதல் வேண்டும். வேலை கொடுப்பதற்குப் பணம் பெறுவதை 1983ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. விசாவுக்கு அஞ்சி வாய் திறவாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது.

கடை வைத்திருக்கும் அன்பர்களே, உடன்படிக்கையின் பிரதியொன்றை இவ்வாரமே ஊழியரின் கையிற் கொடுங்கள். கணக்குத் தெளிவாயிருந்தால் உறவும் நிலைக்கும்; கடையும் நிலைக்கும்.