துள்ளும் வால்

பாட்டியின் தோளில் பொத்தென்று விழுந்த பல்லி, துடைப்பத்துக்குத் தப்பும் அவசரத்தில் வாலை உதிர்த்துவிட்டுப் பரணுக்குள் மறைய, பெரியவர்கள் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனைத் தேடிக்கொண்டிருக்கையில், தரையில் துள்ளும் அந்த வாலைச் சூழ்ந்து "வாலுக்கு வலிக்குமா, பல்லிக்கு வலிக்குமா?" என்று கேட்டுக் கைகொட்டிச் சிரிக்கும் குழந்தைகளை "சீ, போ!" என்று விரட்டுவது எனக்குச் சிறிதும் சம்மதமன்று. வால் எலும்பிலேயே இயற்கை அமைத்துவைத்த பிளவிடத்தில் கழன்ற அவ்வால், பகையின் கவனத்தைத் தன்பால் ஈர்த்துச் சில நிமிஷங்கள் துடிப்பதும், பின்னர் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பு கொண்ட புது வால் முளைப்பதும் எத்துணை ஆச்சரியமான விஷயங்கள்! காஞ்சி வரதராஜப் பெருமாள் ஆலயத்தில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கக் குழந்தையைத் தூக்கிப் பிடிக்கிறோமே, வீட்டுப் பல்லியை அது ஆசைதீரப் பார்க்கட்டும்; தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் தீர்ந்தது.