மின்நூலுக்கு ஆட்டோகிராஃப் எதற்கு?

புத்தகக் கடையில் எழுத்தாளர் உட்கார்ந்திருக்கிறார். வரிசையில் நிற்கிற எல்லோர் கையிலும் புத்தகம். கின்டிலில் படித்தவர் எதை நீட்டுவார்?

2009-ல் நியூயார்க்கில் ஒரு வாசகர் கின்டிலையே நீட்டிவிட்டார். எழுத்தாளர் டேவிட் செடாரிஸும் சளைக்காமல் அதன் முதுகில் கையெழுத்துப் போட்டு, இது நாசத்துக்கு அறிகுறி என்கிற மாதிரி கிண்டலாக ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார். நல்ல வேடிக்கைதான். ஆனால் கின்டிலுக்குள் எத்தனையோ பேர் எழுதிய புத்தகங்கள் இருக்கும், முதுகில் இருப்பது ஒருவர் கையெழுத்து மட்டும். அடுத்த எழுத்தாளர் எங்கே போடுவார்? கருவி கெட்டுப்போனால்?

இதற்கு மென்பொருளில் தீர்வு தேடியவர்கள் உண்டு. 2011-ல் அமெரிக்காவில் ஈவன் ஜேக்கப்ஸ் என்கிற புரோகிராமர் 'கின்டில்கிராஃப்' என்ற தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் அதற்கு 'ஆத்தர்கிராஃப்' என்று பெயர் மாறியது. வாசகர் தளத்தில் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்து கேட்பார். எழுத்தாளர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்புவார். அது புத்தக அட்டைப் படத்தோடு ஒரு தனிக் கோப்பாக வாசகரின் கின்டிலுக்கு வந்து சேரும். கவனியுங்கள், தனிக் கோப்பாக. புத்தகத்துக்கு உள்ளே இல்லை. புத்தகம் ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம்.

அதே ஆண்டில் 'ஆட்டோகிராஃபி' என்ற இன்னொரு கருவியும் வந்தது. எழுத்தாளரும் வாசகரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள, எழுத்தாளர் ஐபேடில் அந்தப் படத்தின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இவை எதுவும் கடை வாசலில் நிற்கும் அந்த வரிசைக்கு ஈடாகவில்லை. ஏன்?

"திரையில் போட்டால் அது கையெழுத்தே இல்லை" என்பது வழக்கமான பதில். அது சரியில்லை. இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் புரியும்.

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் ஊர் ஊராக அலைந்து கையெழுத்துப் போட்டு அலுத்துப்போய், 'லாங்பென்' என்ற இயந்திரத்துக்கு யோசனை சொன்னார். 2006 மார்ச்சில் லண்டன் புத்தகக் கண்காட்சியில் அறிமுகம். (முதல் காட்சியிலேயே மக்கர் செய்தது தனிக் கதை!) எழுத்தாளர் வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் வாசகரோடு பேசியபடி திரையில் எழுதுவார். வேறு ஊரில் ஓர் இயந்திரக் கை அதே அசைவுகளோடு நிஜப் புத்தகத்தில் நிஜ மையால் எழுதும்.

இரண்டாவது, 2022-ல் நடந்தது. பாப் டிலனின் புதிய புத்தகத்தில் 900 பிரதிகளை, அவர் கைப்படக் கையெழுத்திட்டவை என்று சொல்லி, சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் 599 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது ஆட்டோபென் இயந்திரம் போட்ட கையெழுத்து என்று குட்டு வெளிப்பட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டிலும் எழுதியது இயந்திரம்தான். அட்வுட்டின் இயந்திரம் எழுதும்போது மறுமுனையில் அவர் கை அசைகிறது, வாசகருக்காக அவர் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கிறார். டிலன் விஷயத்தில் அந்த நிமிடமே இல்லை. ஆக வாசகர் காசு கொடுப்பது மைக்கு அல்ல, அந்த நிமிடத்துக்கு. அந்த நிமிடத்தை ஐபேடிலும் கொடுக்க முடியும். கின்டில்கிராஃப் வழியாகக் கையெழுத்து அனுப்பிய எழுத்தாளர்களும் அதைத்தான் கொடுத்தார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? கையெழுத்தில் இல்லை, அது விழுகிற இடத்தில்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த பாடம். விற்பனை என்றால் பொருளின் உரிமை கைமாற வேண்டும். 1904-ல் அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று நாவலுக்குள்ளேயே அச்சடித்து வைத்தது. மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிரதியை விற்ற பிறகு அதன் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தப் பதிப்பகத்துக்கு உரிமையில்லை என்று 1908-ல் தீர்ப்பானது. காசு கொடுத்து வாங்கிய பிரதி வாங்கியவருக்குச் சொந்தம். கடன் கொடுக்கலாம், விற்கலாம், பேத்திக்கு விட்டுப்போகலாம்.

மின்நூலுக்கு இந்தப் பாடம் செல்லாது. பெரிய கடைகளில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தினால் கிடைப்பது புத்தகம் அல்ல, படிக்க ஓர் உரிமம். பயனீட்டாளர்கள் வாங்கியிருந்த ஆர்வெல் நாவல்களை 2009-ல் அமேசான் அவர்களுடைய கின்டிலிலிருந்தே அழித்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் காணாமல் போயின. பணம் திரும்ப வந்தது. பக்கங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர்! ஓரத்தில் எழுதி வைத்த யோசனைகளுக்கு விலை போட்டதைக் கவனித்தீர்களா? அந்த ஓரத்தில் எழுத்தாளரின் வாழ்த்து இருந்திருந்தால் அதற்கும் இதே கணக்குதானே? படித்து முடித்த மின்நூலை மறுவிற்பனை செய்யும் வழியையும் ஐரோப்பிய நீதிமன்றம் அதே 2019-ல் அடைத்துவிட்டது. 2025 தொடக்கம் முதல் கலிஃபோர்னியா சட்டம், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக் கூடாது என்கிறது. நேர்மைக்கு ஒரு படி முன்னேற்றம், உரிமைக்கு இல்லை.

வாடகை வீட்டுச் சுவரில் ஓவியம் வரைந்த கதைதான். ஓவியம் உங்களுடையது, சுவர் வீட்டுக்காரருடையது.

"விற்கவா கையெழுத்து வாங்குகிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலானோர் விற்பதில்லை. ஆனால் அம்மாவின் அலமாரியில் கிடக்கும் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் அவர் பெயரையும் தேதியையும் பார்க்கிற சந்தோஷம், புத்தகம் கைமாற முடிவதால் மட்டுமே கிடைக்கிறது. இன்னொன்று, மின்நூல் வாசகர்கள் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரும் திரைதான் புத்தகம். அவர்களுக்கு மட்டும் கையெழுத்து கிடையாதா?

எனவே கருவிகள் வரட்டும். ஆனால் பூட்டை முதலில் எடுங்கள். டோர் பதிப்பகம் 2012-லேயே தன் மின்நூல்களை நகலெடுப்புப் பூட்டு இல்லாமல் விற்கத் தொடங்கியது, அது ஒன்றும் மூழ்கிவிடவில்லை. பூட்டில்லாத கோப்பு என்றால் வாசகர் அதைத் தன் கணினியில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், கடை மூடினாலும் அது போகாது. அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுத்தாளர் எழுதித் தந்தால் கூடுதல் விலை கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது.

அதுவரை பூட்டிய மின்நூலுக்குக் கையெழுத்து என்று சொல்லி யாராவது தனிக் காசு கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்குக் கடையை மூடினால் இந்தக் கையெழுத்து யாருக்குச் சொந்தம்?" பதில் வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.