ஒரு மனம், இன்னொரு மனம்

‘ஒரு மனம் போ என்கிறது, இன்னொரு மனம் வேண்டாம் என்கிறது’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். மனிதனுடைய அந்தரங்கம் ஒரே குரலில் பேசுவதில்லை என்னும் உண்மையை இந்தப் பேச்சுவழக்கு எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது! திருக்குறளின் காமத்துப்பாலில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமும் ‘நெஞ்சொடு புலத்தல்’ என்று ஓர் அதிகாரமும் இருப்பது, தன் நெஞ்சைத் தனக்கெதிரே நிறுத்திப் பேசவும் பிணங்கவும் மனிதனால் இயலும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்ததற்குச் சான்று. ஆயினும், சிறுவயது முதல் நமக்குக் கிடைத்துவரும் உபதேசமோ ‘மனத்தை அடக்கு’ என்பதே. அடக்குவதற்கு முன் அது என்ன சொல்கிறதென்று கேட்க வேண்டும். கேட்கப்பட்ட மனம் பெரும்பாலும் அடக்குமுறையை வேண்டாமலே அமைதியடையும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாக ஒரு சிகிச்சையாளரின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சிகாகோ நகரில், ரிச்சர்ட் ஸ்வார்ட்ஸ் என்ற குடும்பநலச் சிகிச்சையாளர், அளவின்றி உண்டு பின்னர் அதை வலிந்து வெளியேற்றும் ‘புலிமியா’ என்னும் வியாதியால் அவதியுற்றவர்களைக் கவனித்துவந்தார். குடும்ப உறவுகளைச் சீர்படுத்தினால் வியாதி நீங்கிவிடும் என்று நம்பியிருந்த அவர், உறவுகள் சீர்பட்ட பின்னும் வியாதி நீங்காதது கண்டு திகைத்து, காரணத்தை நோயாளிகளிடமே விசாரித்தார். தம்முள் ஒரு கூறு தம்மை ஓயாமல் பழிப்பதாகவும், அந்தப் பழிச்சொல்லைக் கேட்டு வேறொரு கூறு ஆதரவற்ற குழந்தையைப் போலக் குன்றிப்போவதாகவும், அந்த வேதனையை மறக்கடிக்க மூன்றாவது கூறு ஓடிவந்து உண்ணத் தூண்டுவதாகவும் அவர்கள் சொன்னார்கள். குடும்பங்களையே பார்த்துப் பழகிய அவருக்கு, இதுவும் ஒரு குடும்பமாகத்தான் தெரிந்தது.

ஆரம்பத்தில் அவரும் அடக்கித்தான் பார்த்தார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், அவ்விதம் செய்யத் தூண்டும் கூறு இனி அப்படிச் செய்வதில்லை என்று வாக்குக் கொடுக்கும்வரை விடுவதில்லை என்று வற்புறுத்தினார். அது பணிந்ததுபோல் தோன்றியது. மறுமுறை அந்தப் பெண் முகத்தில் பெருங்காயத்தோடு வந்து நின்றாள். மனமுடைந்த ஸ்வார்ட்ஸ், உன்னை வெல்ல என்னால் முடியாது என்று அந்தக் கூறிடமே தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். உடனே அதுவும் சண்டையைக் கைவிட்டது. பிறகு, எதற்காக இதைச் செய்கிறாய் என்று அவர் மெய்யான ஆவலோடு கேட்டபோது, குழந்தைப் பிராயத்தில் அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அவள் தாங்கிக்கொள்வதற்காகவே தான் இந்தத் தொழிலை ஏற்றதாக அது விருத்தாந்தம் சொல்லிற்று. சத்துரு என்று நினைத்திருந்தது, வழி தவறிய காவலாளி என்று புலனாயிற்று.

1995-இல் தாம் எழுதிய நூலில் ஸ்வார்ட்ஸ் விரித்துரைத்த இம்முறைக்கு ‘இன்டெர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’, அதாவது உட்குடும்ப முறை, என்று பெயர். மனத்தைப் பல கூறுகளாகக் காண்பது அவருக்கு முன்பே, ஃபிராய்டு, இத்தாலிய மருத்துவர் அசஜியோலி, எரிக் பெர்ன் முதலியோரிடமும் இருந்ததுதான். கூறுகளில் எதுவுமே இயல்பில் கெட்டதன்று என்று துணிந்து சொன்னதே இவருடைய தனிச்சிறப்பு. பழைய அவமானத்தையும் பயத்தையும் சுமந்துகொண்டு, வெளியே வரவொட்டாமல் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ஒரு வகை. அந்தப் பிள்ளைகளின் அழுகை வெளியே கேட்டுவிடாதபடி, குற்றங்குறை இல்லாமல் உழைத்தும், பிறரைத் திருப்திசெய்தும், நம்மையே கடிந்தும் வீட்டை நடத்தும் நிர்வாகிகள் இன்னொரு வகை. அழுகை மீறி எழும்போது ஓடிவந்து, பொருள்கள் நனைந்து பாழாவதைப் பொருட்படுத்தாமல் நெருப்பை மட்டும் அணைக்கும் தீயணைப்போர் மூன்றாம் வகை. குடியும், கோபாவேசமும், அளவற்ற உணவும் இவர்கள் இறைக்கும் தண்ணீர். இவை அனைத்துக்கும் அப்பால், எந்தக் காயத்தாலும் சிதையாத ‘சுயம்’ ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டென்றும், சாந்தம், அறியும் ஆவல், தெளிவு, தயை, தன்னம்பிக்கை, தைரியம், ஆக்கத்திறன், பிணைப்புணர்வு என்னும் எட்டுக் குணங்களால் அதை அடையாளங் காணலாம் என்றும் அவர் போதித்தார்.

சிகிச்சையின் போக்கும் இதற்கிசைந்ததே. நிர்வாகியாயினும் தீயணைப்பவராயினும், காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையாமல், அவருடைய பயத்தைக் கேட்டு, அவர் அனுமதி பெற்ற பிறகே பூட்டிய அறையிலுள்ள பிள்ளையிடம் செல்லவேண்டும். அன்று யாரும் கேட்காத அதன் துயரத்தை இன்று சுயம் அருகமர்ந்து கேட்கவேண்டும். ‘நான் தகுதியற்றவன்’ என்பது போன்ற பழைய பாரத்தை அது தானாக இறக்கிவைக்கும்வரை காத்திருக்கவேண்டும். பிள்ளை ஆறுதலடைந்தபின் காவலுக்கு அவசியமில்லாமையால், காவலாளியும் தம் கடுமையைத் தளர்த்துகிறார்.

இல்லறத்தில் இதன் பயனைப் பிரத்தியட்சமாகக் காணலாம். கணவன் வீட்டுக்கு வந்ததும், ஒரு காரியத்தை ஏன் மறந்தீர்கள் என்று மனைவி கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போகிறான். அவள் குரல் உயர்கிறது. அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். தந்தையின் கூச்சலுக்கு நடுங்கி ஒடுங்கிய சிறுவன் ஒருவன் அவனுள்ளும், எவ்வளவு அழைத்தும் திரும்பிப் பார்க்கப்படாத சிறுமி ஒருத்தி அவளுள்ளும் இருப்பதை இருவரும் அறியார். சண்டையிடுவோர் இரண்டு காவலாளிகள். கதவுக்குப் பின்னால் அழுவனவோ இரண்டு குழந்தைகள். டோனி ஹெர்பின்-பிளாங்க் என்ற சிகிச்சையாளர் இம்முறையைத் தம்பதியருக்கென்று வகுத்தளித்தபோது வற்புறுத்திய பாடம், கோபத்தின் வாயாகப் பேசாதே, அதன் சார்பில் பேசு என்பதாகும். ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்பது கோபமே பேசும் பேச்சு. ‘பதில் சொல்லாமல் நீங்கள் எழுந்து போகும்போது, யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டேனோ என்று எனக்குள் ஒரு பயம் வந்துவிடுகிறது, அந்தப் பயம்தான் இப்படிக் கத்துகிறது’ என்பது அதன் சார்பில் பேசும் பேச்சு. முன்னதற்கு மறுப்புத்தான் பதிலாக வரும். பின்னதைக் கேட்டவனுக்கோ அருகில் வந்து உட்காரத் தோன்றும்.

‘நான் செய்யவில்லை, என் ஒரு கூறு செய்தது’ என்று குற்றவாளி தப்பித்துக்கொள்ள இது இடங்கொடுக்காதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பிள்ளை எறிந்த கல்லால் அண்டைவீட்டுக் கண்ணாடி உடைந்தால், பிள்ளையின் மனநிலையை விசாரித்தறியும் தகப்பனே கண்ணாடிக்கும் ஈடு செய்யவேண்டும். உட்குடும்பத்தின் தலைவனுக்கும் அதுவே தர்மம். அடித்தவன் மன்னிப்புக் கேட்கவேண்டும், அடிபட்டவள் தன் பாதுகாப்பை முதலில் தேடிக்கொள்ளவேண்டும். காரணத்தை அறிவது, செய்கையை நியாயப்படுத்துவதாகாது.

இம்முறை சர்வரோக நிவாரணி என்று நான் வாதிக்கவில்லை. முடக்குவாத நோயாளிகள் 79 பேரைக் கொண்டு ஒன்பது மாதம் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இச்சிகிச்சை பெற்றோர், நோயைப் பற்றிய போதனை மட்டும் பெற்றோரைவிட வலியிலும் மனச்சோர்விலும் நன்மையடைந்தனர். பால்யத்துக் கொடுமைகளால் பாதிக்கப்பட்டோரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வும் நம்பிக்கையூட்டிற்று என்றாலும், அதில் பங்கேற்றோர் 17 பேரே, ஒப்புநோக்க வேறு குழுவும் இல்லை. சான்றுகள் இன்னும் பெருகவேண்டும். மேலும், நடவாததை நடந்ததாக நினைவில் பதித்துவிடும் அபாயம் உண்டாதலால், பயிற்சியற்றோர் பிறர் மனத்தின் பூட்டிய அறைகளைத் திறக்கத் துணியலாகாது. சித்தப்பிரமை போன்ற கடும் வியாதிகளுக்கு மனநல மருத்துவரின் சிகிச்சையே முதன்மையானது.

ஆனால், ஆழமான காயங்களைத் தக்கவரிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றாடச் சினத்தையும் சோம்பலையும் ஆற்றாமையையும் நாமே விசாரிக்கத் தடையேதுமில்லை. அடுத்தமுறை ‘ஒரு மனம் இப்படிச் சொல்கிறது’ என்று வாயெடுக்கும்போது, அந்த மனத்தைக் கடிந்துகொள்வதற்கு முன், நீ இதை நிறுத்திவிட்டால் என்ன நேர்ந்துவிடுமென்று பயப்படுகிறாய் என்று அதனிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், காத்திருங்கள். அவ்விதம் தன்னிடம் காத்திருக்கப் பழகியவர், எதிரே முகம் திருப்பி நிற்கும் மனைவியிடமும், கதவைச் சாத்திக்கொண்ட மகனிடமும் காத்திருக்கக் கற்றவராவார்.