வெடித்த வில்லுக்கு ஒரு தீர்ப்பு



போலகத்திலிருந்து ஒரு கடிதம், கூடவே சில புகைப்படங்கள். எழுதியவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய அண்ணன் இளவயதில் அம்பெய்து பழகிய மூங்கில் வில் பல வருஷமாகப் பரணில் கிடந்திருக்கிறது. அண்ணன் இப்போது இல்லை. விடுமுறைக்கு வந்த பேரன் அதைக் கண்டெடுத்து, நாண் கட்டித் தரச் சொல்லித் தாத்தாவை நச்சரிக்கிறான். வில்லில் இரண்டு இடத்தில் வெடிப்பு. "ஒட்டிக் கொடுக்கலாமா, சுவரில் மாட்டிவிடலாமா? ஐயா சொல்வதுதான் தீர்ப்பு" என்று முடித்திருக்கிறார். வைத்தியம், ஜாதகம், பட்டா மாறுதல் என்று எல்லாம் கேட்டு எனக்குக் கடிதம் வருவதுண்டு. வில்லுக்குத் தீர்ப்பு கேட்டவர் இவர்தான்.

காரைக்கால் பக்கத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. அந்த மாவட்டத்துத் திருவேட்டக்குடியில் சிவன் வேடனாகக் கையில் வில்லோடு உற்சவ மூர்த்தியாக நிற்கிறார். அர்ச்சுனனோடு மல்லுக்கு நின்ற அதே வேடன். அந்தச் சண்டையில் அம்பு தீர்ந்ததும் அர்ச்சுனன் வில்லையே தடியாக்கி அடித்தான் என்பது கதை. வில் வைத்திருக்கும் யாரும் அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

சேதப்பட்ட வில்லை என்ன செய்வது என்ற கேள்வி நம் இதிகாசங்களுக்கும் பழக்கமானதுதான். ஜனகன் வீட்டு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பன் கணக்கில் அறுபதினாயிரம் பேர் தூக்கி வந்த வில் அது. பிற்பாடு வழிமறிக்கும் பரசுராமன் ராமனிடம் என்ன சொல்கிறான்? சிவனுக்கும் திருமாலுக்கும் நடந்த போரிலேயே அந்த வில் பழுதாகிவிட்டது, பழுதான வில்லை முறித்ததில் என்ன பெருமை என்கிறான். அவன் சொல்வதை நம்பினால், ஜனகன் குடும்பம் ஒரு பழுதான வில்லைத் தலைமுறை தலைமுறையாகப் பூசையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. பூசையில் இருந்தவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பையன் நாணேற்றி இழுத்தான், இரண்டாகப் போனது. பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வில் செய்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காண்டீவத்தின் கதை வேறு. அதில் கீறல்கூட இல்லை. கண்ணன் போன பிறகு அர்ச்சுனனுக்கே அதை நாணேற்றுவது பெரும்பாடாகிவிடுகிறது. கடைசிப் பயணத்தில் அக்கினி வந்து கேட்க, வருணனுக்குச் சேர வேண்டிய வில்லை அம்பறாத்தூணிகளோடு நீரில் போட்டுவிட்டு நடக்கிறான். நல்ல வில்லுக்கும் ஓய்வு உண்டு. எய்கிற கைக்கு முடியாமல் போனாலே போதும்.

இனி நம் மூங்கில் வில்லுக்கு வருவோம்.

வில்லை இழுக்கும்போது, குறியைப் பார்க்கும் பக்கம் நீண்டு விறைக்கும். எய்கிறவரைப் பார்க்கும் பக்கம் நசுங்கும். மூங்கிலின் பலமெல்லாம் மேல்தோலை ஒட்டி நெருக்கமாக ஓடும் நாரில் இருக்கிறது. அதனால்தான் தோல் பக்கத்தைக் குறியை நோக்கி வைத்து வில் செய்கிறார்கள். நார்கள் நெடுக்காக ஓடுகின்றன. ஆகவே வெடிப்பு எவ்வளவு பெரிது என்பதைவிட எந்தத் திசையில் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெடுக்காகப் போன கீறல் நாருக்கும் நாருக்கும் நடுவே விழுந்த இடைவெளி, நார் அறுந்திருக்காது. குறுக்கே ஓடுவது சின்னதாக இருந்தாலும் நாரை அறுத்துவிட்டது என்று அர்த்தம். பசை இடைவெளியை அடைக்கும். அறுந்த நாரை எந்தப் பசையாலும் பழையபடி ஆக்க முடியாது.

பார்க்கும் முறையும் எளிதுதான். நாணை இறக்கிவிட்டு, மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு துண்டை எடுத்து வில்லின் இரு பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள். சிலாம்பு எழும்பிய இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் தடவிப் பாருங்கள். எய்கிறவர் பக்கத்தில் மயிரிழை போலக் குறுக்குச் சுருக்கங்கள் தென்பட்டால் உள்ளே நார் நசுங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் நகத்துக்கு மட்டும் தட்டுப்படுகிற சுருக்கமும் உண்டு. அடுத்து ஒரு முனையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து மறுமுனையைப் பார்த்தால் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று தெரியும். கடைசியாக, தரையில் வெள்ளைத் தாளை விரித்து வில்லை அதன்மேல் தட்டுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் வண்டு துளைத்திருக்கிறது, உளுத்துப்போன மூங்கில்.

ஆசிரியர் அனுப்பிய படங்களில் மேல்முனையில் இருப்பது நெடுக்குக் கீறல். அது மட்டும் என்றால் ஒட்டிவிடலாம். தண்ணியாக ஓடும் ஃபெவிக்விக் மாதிரிப் பசையைக் கீறலுக்குள் விட்டு, காய்ந்ததும் மேலே பருத்தி நூலோ பட்டு நூலோ நெருக்கமாகச் சுற்றி, நூலுக்கும் பசை கொடுத்தால் தாங்கும். கிரிக்கெட் மட்டைக்கு நூல் சுற்றுவது போலத்தான். பக்கத்தில் மீனவர் குப்பம் இருக்கிறதே என்று நைலான் வலை நூலை வாங்கிவிடாதீர்கள்; அது இழுவை கொடுக்கும்.

இரண்டாவது வெடிப்புதான் சிக்கல். கைப்பிடிக்குக் கீழே, வில் அதிகமாக வளைகிற இடத்தில், எய்கிறவர் பக்கம் மூன்று குறுக்குச் சுருக்கம். கைப்பிடியிலேயே இருந்திருந்தால்கூட, அந்த இடம் வளையாது என்பதால் ஏதாவது செய்து பார்க்கலாம் என்றிருப்பேன். வளைகிற இடத்தில் குறுக்கு வெடிப்புக்கு மருந்து கிடையாது. ஐயா, உங்கள் அண்ணன் வில் ஓய்வு பெற்றுவிட்டது. பேரன் கையில் கொடுக்காதீர்கள். இழுத்த வில் முறிந்தால் துண்டு பறந்து வருவது எய்கிறவர் முகத்துக்குத்தான்.

அதற்காகப் பேரனுக்கு வில்லே வேண்டாம் என்றில்லை. 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982-ல் கடலிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். சேற்றில் புதைந்திருந்த அந்தக் கப்பலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட முழு வில்கள் இருந்தன. அவற்றின் பலத்தைத் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் அதே அளவில் புது வில்கள் செய்து இழுத்துப் பார்த்தார்கள். பழையவை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் அண்ணன் வில்லின் நீளம், கைப்பிடியிலும் நடுவிலும் முனையிலும் உள்ள அகலம், கனம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய கல்மூங்கில் கிடைத்தால், தெரிந்த ஒருவரை வைத்துப் பேரனின் பலத்துக்கு ஏற்ப மெல்லியதாக ஒன்று செய்யச் சொல்லலாம். நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவில் இன்றும் குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத மூங்கில் வில்லால் போட்டி நடக்கிறது. ஒலிம்பிக் வரை போன தீபிகா குமாரி முதலில் பிடித்ததும் மூங்கில் வில்தான்.

கடலோர வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எந்த வில்லும் தொய்ந்துபோகும். கொம்பும் நரம்பும் விலங்குப் பசையால் ஒட்டிச் செய்த வில்கள் நம் மழைக்காலத்தில் படாத பாடு பட்டன. இந்திய ஆயுதசாலைகளில் எஃகு வில்கள் இடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். கி.மு. 326-ல் அலெக்சாண்டரோடு ஜீலம் கரையில் நடந்த போரில், நம் வீரர்கள் வில்லைத் தரையில் ஊன்ற முடியாமல் மழைச் சேற்றில் வழுக்கினார்கள் என்று ரோமானிய ஆசிரியர் கர்ட்டியஸ் எழுதியிருக்கிறார். ஆகவே வில்லை அடுப்புச் சூடு படும் பரணிலோ ஓதம் ஏறும் சுவரிலோ வைக்காதீர்கள். காற்றோட்டமான அறையில், நாணை இறக்கி, இரண்டு ஆணிகளில் படுக்கவையுங்கள். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடும் விளையாட்டை யார் செய்தாலும் தடுங்கள். பாதி வில்கள் வெடிப்பது அதனால்தான் என்பது என் கட்சி.

ஓய்வு கொடுத்த வில்லுக்கு நாண் கட்டி அலங்காரமாக மாட்டுகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். நாண் இருந்தால் விருந்தாளி ஒருவர் எடுத்து இழுத்துப் பார்க்காமல் போகமாட்டார்.

உங்கள் வீட்டிலோ ஊர்க் கோயிலிலோ பழைய வில் இருந்தால், செய்தவர் யார், எந்த மரம், எத்தனை அடி என்று எழுதி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு அனுப்புங்கள். இரு பக்கமும் தெரிய வேண்டும். வில்லையே பார்சலில் அனுப்ப வேண்டாம். அலுவலகத்தில் இடமில்லை, என் மேசையில் சுத்தமாக இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்